வேண்டாம் சாரின் வெள்ளைக் காப்பு

உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ விஷயத்துக்கு 'வேண்டாம்' சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்கென்றே பூமியில் வந்து இறங்கியவர் எங்கள் 'வேண்டாம் சார்' ஒருத்தர்தான். பிறந்த அன்றைக்கு நாக்கில் சர்க்கரைத் தண்ணி தொட்டு வைக்க வந்த அத்தையின் கையைக்கூடத் தட்டி விட்டிருப்பார் என்று நான் சத்தியம் பண்ணத் தயார்.

நான் அப்போது கொல்லிமலையில், வாழவந்தி நாடு என்கிற ஊர்த்தொகுதிப் பக்கம் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற வேலையில் இருந்தேன். தினமும் காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் ஏறி, எழுபது கொண்டை ஊசி வளைவிலும் குடல் சுருண்டு, மேலே போய் மாத்திரை கொடுத்துவிட்டு, சாயந்திரம் அதே குடலோடு கீழே இறங்குவேன். அவர் அங்கே சுகாதார ஆய்வாளராக மாற்றலாகி வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவர். நெட்டை உருவம், கக்கத்தில் எப்போதும் ஒரு குடை, மனைவி காலமாகிவிட்டார், ஒரே மகள் வெளியூரில். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த குவார்ட்டர்ஸில் தனியாகத் தங்கினார். அவருக்கு அழகான நீளமான பெயர் ஒன்று உண்டு. அதை அவர் கையெழுத்தில் தவிர வேறெங்கும் யாரும் பார்த்ததில்லை.

பட்டப்பெயர் முதல் நாளே விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியைக் கூட்டிப் பெருக்கி, எங்கள் எல்லோருக்கும் டீ போட்டு, எங்கள் எல்லோரையும் அதட்டியும் வைத்திருந்த பாப்பாத்தி அக்கா அவர் மேசையில் டம்ளரை வைத்தார்.

"சார், டீங்க."

"சீனி போட்டுருக்கா?"

"போட்டிருக்குதுங்க."

"வேண்டாம்."

"போடாம கொண்டாரட்டுங்களா?"

"வேண்டாம்மா. டீயப் பாத்தாலே சீனி ஞாவகம் வந்துரும்."

"அப்ப ஒரு பன்னு?"

"வேண்டாம்."

"வாழைப்பழமுங்க, நம்ம மலைப்பழம்…"

"வேண்டாம், வேண்டாம்!"

பாப்பாத்தி அக்கா நேராக என் ஜன்னலுக்கு வந்தார். "ஏனுங்கம்மா, புதுசா வந்திருக்கிற வேண்டாம் சாரு என்னத்தத் தின்னு உசுரு வெச்சிருக்காருங்க?" என்றார். அவ்வளவுதான், அந்தப் பெயர் நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். அவருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை வியாதி. அதற்கு அவர் மாத்திரையைவிட அதிகமாக நம்பியது இச்சையடக்கத்தை. என் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு பிரசங்கமே வைப்பார்.

"தங்கச்சி, ஆவியின் கனின்னு வேதத்துல ஒரு வரிசை இருக்கு. அன்புல தொடங்கி இச்சையடக்கத்துல முடியும். எல்லாரும் அன்போட எந்திச்சுப் போயிருதாவ. கடைசி வரைக்கும் ஒருத்தரும் வாரதில்ல. அந்தக் கடைசிக் கனிதான் ஒடம்பக் காப்பாத்தும், பாத்துக்கோ. பிரஷரு, சுகரு, குடல்புண்ணு எல்லாத்துக்கும் அது ஒண்ணே மருந்து."

அலமாரி அலமாரியாக மருந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளிடம் பேசுகிற பேச்சா இது? "அப்ப நான் கடையைச் சாத்திட்டு ஊட்டுக்குப் போகட்டுங்களா சார்?" என்பேன். கோபித்துக்கொள்ள மாட்டார். கோபமும் ஒரு இச்சைதானாம், அதையும் அடக்க வேண்டுமாம்.

அந்தக் கோபத்தை அவர் அடக்குகிற லட்சணம் இருக்கிறதே! கோபம் வந்தால் உடனே ஒரு கீர்த்தனையைப் பாட ஆரம்பித்துவிடுவார். லேசான கோபத்துக்கு முணுமுணுப்பு, நல்ல கோபத்துக்கு முழுத் தொண்டை. தண்ணீர்த் தொட்டியில் குளோரின் போடாமலே போட்டதாக ஒரு ஆள் சொன்ன அன்றைக்குச் சரணத்தைத் திரும்பத் திரும்பப் பாடினார், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வெளியே காத்திருந்த நோயாளிகள் "சாருக்கு இன்னிக்கு என்ன விசேசமுங்க, இத்தனை சந்தோசமா பாடறாரு?" என்று கேட்டார்கள். உள்ளே போகாதீங்க என்று பாப்பாத்தி அக்கா கையைக் காட்டிவிட்டார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கூத்து மைசூர்பாகு. வாரம் ஆரம்பித்ததும் செம்மேட்டுக் கடையில் நெய் ஒழுகுகிற மைசூர்பாகு ஒரு துண்டு வாங்கி வந்து, ஒரு கண்ணாடி டப்பாவில் போட்டு, மேசையில் தன் மூக்குக்கு நேரே வைத்துக்கொள்வார்.

"எதுக்கு சார் இந்தத் தண்டனை?"

"பயிற்சி. பயில்வான் கர்லாக்கட்ட சுத்துதாம்லா? அது மாரி. தினம் ஒரு மணி நேரம் இதப் பாத்துக்கிட்டே வேல செஞ்சா, மனசு இரும்பாயிரும்."

வெள்ளிக்கிழமை சாயந்திரம் பயிற்சி முடிந்து, அந்தத் துண்டு வெற்றி வீரனுக்குரிய பெருமையோடு என் ஜன்னலுக்கு வரும். நல்ல பண்டத்தை வீணாக்குவது பாவம் இல்லையா? நான் தின்றுவிடுவேன். அவருடைய இச்சையடக்கத்தின் பலன் வாராவாரம் என் இடுப்பில் சேர்ந்துகொண்டே வந்தது.

போதாக்குறைக்கு வாட்ஸ்அப். விடியற்காலையில் எங்கள் ஆஸ்பத்திரி குரூப்பில், ரோஜாப்பூப் படத்துக்குக் கீழே 'இன்றும் நாவை அடக்குவோம்' என்று வரும். பஸ்ஸில் பத்தாவது வளைவில் வாந்தியை அடக்கிக்கொண்டிருப்பவளுக்கு இந்தச் செய்தி எப்படி இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்படிப்பட்ட இரும்பு மனுஷர் ஒருநாள் நொண்டிக்கொண்டு வந்தார்.

திண்ணனூர் நாட்டில் ஒரு ஒற்றையடிப் பாதையில் கல் தட்டி இடது கால் கட்டை விரலில் காயம். அவர் வேலையே அதுதான், ஊர் ஊராகப் போய் வீட்டு வாசலில் உட்கார்ந்து பிரஷர் பார்ப்பது, சுகர் பார்ப்பது. டூவீலர் போகிற வரைக்கும் டூவீலர், அதற்கு மேல் குடையும் காலும். "இந்த மலையில நடக்க ஆரம்பிச்ச பெறவுதான் தங்கச்சி எனக்குத் தூக்கம் வருது. அவ போன பெறவு தூக்கமே இல்லாம கெடந்தேன்" என்று ஒருதரம் சொல்லியிருந்தார். அந்தக் காலில்தான் இப்போது காயம் ஆறவில்லை. விரல் நிறம் மாறிவிட்டது.

நான் அவர் விரலைக் குத்தி மெஷினில் பார்த்தேன். மெஷின் நம்பரே காட்டவில்லை, 'அளவுக்கு மேல்' என்று மட்டும் காட்டிவிட்டுச் சும்மா இருந்தது.

"மெஷின் ரிப்பேரு" என்றார்.

என் விரலைக் குத்திக் காட்டினேன். அப்போது எனக்கு ஒழுங்காகத்தான் இருந்தது.

"அப்ப இச்சையடக்கம் ரிப்பேரா சார்?" என்று கேட்டேன். அவர் கீர்த்தனைகூடப் பாடவில்லை. அன்றைக்கே அவரை நாமக்கல்லுக்குப் பஸ் ஏற்றிவிட்டோம்.

நாமக்கல்லில் டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார்: சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரும், அதோடு நிற்கும் என்றும் சொல்ல முடியாது. விரல் போனால் மலையில் ஏறி இறங்க முடியாது. ஏற முடியாதவரைக் கீழே இறக்கி ஏதாவது ஆபீஸ் நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள்.

"நாக்காலியில உக்காத்தி வச்சிருவாவளே தங்கச்சி" என்று அவர் சொன்ன குரலை நான் அதற்கு முன்னே கேட்டதில்லை. அடுத்த நாள் காலையில் ரோஜாப்பூ வரவில்லை. திட்டிக்கொண்டே தினமும் பார்த்த பூதான், வராத அன்றைக்குப் பஸ்ஸில் எனக்கு என்னமோபோல் இருந்தது.

டீயைக்கூடத் தொடாத மனுஷருக்குச் சர்க்கரை எங்கிருந்து ஏறுகிறது? இதுதான் என் மண்டையைக் குடைந்த கேள்வி. அவர் லீவில் படுத்திருந்ததால், அந்த வாரம் திண்ணனூர் நாட்டு ஊருக்கு மாத்திரை கொண்டுபோக என்னையே அனுப்பினார்கள். இரவல் வாங்கிய ஸ்கூட்டியை ரோட்டோரம் நிறுத்தி, மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே நடந்து, முதல் வீட்டு வாசலில் நின்றேன். வெள்ளையம்மா என்ற நடுவயதுப் பெண்ணின் வீடு. வாசலில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது.

"வேண்டாம் சார் வருவாரில்லீங்களா, அவருக்குப் பதிலா வந்திருக்கேனுங்க" என்றேன்.

"ஆருங்க அது, வேண்டாம் சாரு? அப்பிடி ஆரும் இங்க வர்றதில்லீங்களே."

"நெட்டையா, குடை வெச்சுக்கிட்டு, பிரஷர் பார்ப்பாரே…"

வெள்ளையம்மா முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "அட, நம்ம 'இன்னுங்கொஞ்சம் சாரு'ங்களா! ஏனுங்க வரலை? பலாச்சொளை எடுத்து, தேன் ஊத்தி ஊற வெச்சிருக்கேனுங்களே!"

எனக்குத் தலை சுற்றியது. எழுபது வளைவிலும் சுற்றாத சுற்று.

"அவர் இனிப்பு தொட மாட்டாரேங்க!"

பக்கத்து வீட்டுச் சடையன் வேலியோரம் பீடியோடு நின்றபடி விழுந்து விழுந்து சிரித்தார். "ஆருங்க, அவருங்களா? இந்தம்மா ஊட்டுல ஒரு தட்டம், எங்கூட்டுல ஒரு தட்டம், மேலூட்டுல ஒரு தட்டம். கையைக் களுவப் போறப்ப, 'இன்னுங்கொஞ்சம்'னு அவரே கையை நீட்டுவாருங்க. எனக்குப் பீடியை வுடச் சொல்லி புத்தி சொல்றதே எங்கூட்டுச் சொளையத் தின்னுக்கிட்டுத்தானுங்க!"

அன்றைக்குக் கீழே போகிற பஸ்ஸைப் பிடிக்கவில்லை. கொதித்துப்போய் நேராகக் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு கிடந்தார். வயசுக்கு மரியாதை எல்லாம் பறந்துவிட்டது எனக்கு.

"ஏன் சார், எங்ககிட்ட டீக்கு வேண்டாம், பன்னுக்கு வேண்டாம். அங்க போய்த் தேன்ல ஊறுன சொளையா? மைசூர்பாகைப் பார்த்துப் பார்த்து இரும்பான மனசு எங்க சார் போச்சு? கால் போயிடும் சார்! தெரியுதா உங்களுக்கு?"

அவர் கூரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"மொத நாளு வேண்டாம்னுதான் சொன்னேன் தங்கச்சி. அந்த வெள்ளையம்மா மொகம் சுருங்கிப் போச்சு. 'எங்க கையில திங்க மாட்டீங்களா சாமி'ன்னு கேட்டுச்சு. முன்ன யாரோ ஒரு ஆபீசர் கீழருந்து வந்தவராம். அது குடுத்த தண்ணிய வாங்கி, அது கண்ணு முன்னாலயே செடியில ஊத்திட்டுப் போனாராம். நானும் அந்தச் சாதின்னு நெனச்சுட்டு அது. என்ன செய்யச் சொல்லுத? ஒரு சொள வாயில போட்டேன். ஒரு வீட்டுல தின்னா அடுத்த வீட்டுல தின்னணும்லா?"

"எனக்குச் சர்க்கரைன்னு சொல்ல வேண்டியதுதானே சார்?"

"ஊருக்கெல்லாம் இச்சையடக்கம் சொல்லுதவன், எனக்கே சுகருன்னு எப்பிடிச் சொல்ல?" என்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பொய் சொல்லப்பிடாது. சொளையும் ருசியாத்தான் இருந்திச்சு."

என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஒரு மனுஷி முகம் சுருங்கக் கூடாது என்று கட்டை விரலைப் பணயம் வைத்த ஆளை என்னவென்று திட்டுவது? ஆனால் விட்டுவிடவும் முடியாது. "நாளைக்கு நீங்களே வந்து சொல்றீங்க. நான் கூட்டிப்போறேன்" என்றேன்.

மறுநாள் அவர் கால் கட்டோடு அந்த இரவல் ஸ்கூட்டியில் என் பின்னால் உட்கார்ந்து, குடையைச் சிலுவைபோல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். ஒற்றையடிப் பாதையில் சடையனும் நானும் ஆளுக்கு ஒரு பக்கம் தாங்கிக்கொண்டோம். வெள்ளையம்மா வாசலில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். அவர் உட்காராமல் நின்றே சொன்னார்: எனக்குச் சர்க்கரை, இந்த விரல் போகப் போகிறது, விரல் போனால் நான் உங்கள் ஊருக்கு வர முடியாது, உங்களிடம் மறைத்தது என் தப்பு.

சடையன் பீடியைக் கீழே போட்டார். வெள்ளையம்மாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தன.

"ஏனுங்க சாமி, எங்க கையாலயே உங்களுக்கு வெசம் வெக்க வெச்சுப்போட்டீங்களே! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆவாதுங்களா? இல்லீன்னா ஒரு காப்பாச்சும் கட்டிட்டு வந்திருக்கலாமில்லீங்க?"

"காப்பா?"

அவர் விழித்தார். எனக்குப் புரிந்துவிட்டது. மாரியம்மன் திருவிழாவுக்கு நோன்பு சாட்டினால், விரதம் இருக்கிறவர்கள் மணிக்கட்டில் காப்பு என்று மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். கயிறு கட்டின கையைப் பார்த்துவிட்டால் அந்த ஊரில் ஒருத்தரும் கறிச்சோறு தின்னக் கூப்பிட மாட்டார்கள். வேண்டாம் என்று அவர் வாயால் சொல்லவே தேவையில்லை. மீறித் தின்னச் சொல்கிறவருக்குத்தான் குற்றம்.

"கட்டுனவங்கள நாங்களே பாத்துக்குவமுங்க. அவுங்க ஒண்டியா அடக்கிக்கிட்டுக் கெடக்க வேண்டியதில்லீங்க" என்றார் வெள்ளையம்மா.

வேண்டாம் சாருக்கு வியர்த்துவிட்டது. மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை எப்படிச் சர்ச்சில் போய் உட்காருவார்? வெள்ளையம்மாவை மறுபடி எப்படி மறுப்பார்? மெல்ல ஒரு கீர்த்தனை கிளம்பியது. இந்தத் தடவை அது கோபம் இல்லை, பயம்.

நான் பையில் இருந்த காஸ் துணிச் சுருளை எடுத்தேன். "இதுல மஞ்சளும் இல்ல, மந்திரமும் இல்ல. புண்ணுக்குக் கட்டற ஆஸ்பத்திரித் துணி. இதைக் கட்டலாமா சார்?"

அவர் கண்ணை மூடி உதட்டை அசைத்து ஜெபம் பண்ணினார். பிறகு கையை நீட்டினார். நான் கட்டினேன்.

"இதென்ன முடிச்சுங்க, நாளைக்கே அவுந்துரும்" என்று வெள்ளையம்மா என் கையை ஒதுக்கிவிட்டு, இழுத்து ஒரு முடிச்சுப் போட்டார். "இனி எங்கூட்டுல உங்களுக்குச் சொளை கெடையாதுங்க. ஆனா ஒண்ணுமே வாயில வெக்காம போவக் கூடாது" என்று உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தார். அவர் சொம்பைத் தூக்கி, அண்ணாந்து, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். வெள்ளையம்மா அந்தக் காலிச் சொம்பை வாங்கி எட்டிப் பார்த்த பார்வையை நான் மறக்கவே முடியாது.

அதற்குப் பிறகு மலையில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. கட்டை விரல் கொஞ்சம் தேறி அவர் மறுபடி நடக்க ஆரம்பித்ததும், தூரத்தில் குடை தெரிந்தால் போதும், அறுத்து வைத்த பலாவின் மேல் சாக்கைப் போட்டு மூடுவார்கள். வாசனை வெளியே வரக் கூடாது என்று அதன் மேல் சடையன் ஏறி உட்கார்ந்துகொள்வார். 'கிறிஸ்தவங்க சாமிக்கு வெள்ளைக் காப்பாமா' என்று பேச்சு ஊர் ஊராகப் பரவியது. ஒருநாள் சடையனே கையை நீட்டினார்.

"எனக்கும் ஒண்ணு கட்டுங்க சார். பீடிக்கு."

அப்புறம் உப்பைக் குறைக்க வேண்டியவர், சாராயத்தை விட நினைத்தவர், ஓயாமல் மருமகளைத் திட்டுகிற மாமியார் ஒருவர் என்று ஆளாளுக்கு வெள்ளைக் காப்பு. பாதிப் பேர் அவிழ்த்தார்கள், மறுபடி வெட்கத்தோடு வந்து கட்டிக்கொண்டார்கள். எங்கள் ஸ்டோரில் காஸ் துணி தீர்ந்துபோய், "மேல என்னம்மா நடக்குது, ஏதாவது அடிதடியா?" என்று கீழே இருந்து போன் வந்தது. "இச்சையடக்கம் சார்" என்றேன். அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ திரும்பி வந்தது. 'அடக்குவோம்' என்பதற்குப் பக்கத்தில் இப்போது 'சேர்ந்து' என்று ஒரு சொல் கூடியிருந்தது.

விரல் ஆறிவிட்டது. நாமக்கல் டாக்டர், "எடுக்க வேண்டாம், நல்லா நடங்க" என்று சொன்ன அன்றைக்கு, அவர் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அடுத்த பலாக் காலத்தில் வெள்ளையம்மா முதல் பழத்தை அறுத்து, டாக்டர் சம்மதம் உண்டா என்று என்னிடம் மூன்று தரம் கேட்டுவிட்டு, தேன் இல்லாமல் ஒரே ஒரு சொளையை அவர் கையில் வைத்தார். வாயில் போட்டு, கண்ணை மூடி, மென்று, முழுங்கி, கண்ணைத் திறந்தவர் பழைய பழக்கத்தில் கையை நீட்டினார்.

"இன்னுங்கொஞ்சம்…"

வாசலில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்: "வேண்டாம் சார்!"

அவர் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சரியாகச் சொன்னால், எங்கள் எல்லோருக்கும்தான்.

ரிட்டயர் ஆனதும் ஊருக்குப் போவார் என்று நினைத்தோம். போகவில்லை. வாழவந்தி நாட்டிலேயே சின்னதாக ஒரு வீடு எடுத்துக்கொண்டு, இன்றைக்கும் அதே குடையோடு நடந்துகொண்டிருக்கிறார். நான்தான் மாற்றலாகிக் கீழே வந்துவிட்டேன்.

போன மாதம் என் விரலைக் குத்திப் பார்த்தேன். வந்துவிட்டது, எனக்கும். உடனே அவருக்குப் போனைப் போட்டேன். "சார், நீங்க பயிற்சி பண்ணுன மைசூர்பாகெல்லாம் இப்ப எனக்குச் சர்க்கரையா வந்து நிக்குது!" என்று கத்தினேன். சரி, பாட ஆரம்பிக்கப்போகிறார் என்று நினைத்தேன். போன் கட் ஆகிவிட்டது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் எழுபது வளைவும் இறங்கி வந்து, கக்கத்தில் குடையோடு என் வீட்டு வாசலில் நிற்கிறார். பையில் இருந்து ஒரு காஸ் துணிச் சுருளை எடுத்தார்.

"கைய நீட்டு தங்கச்சி. ஒத்தையில கெடந்து அடக்காண்டாம்."

வெள்ளையம்மா போட்ட அதே முடிச்சு. கட்டிவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார்.

துணி இப்போது அழுக்கேறி, ஓரமெல்லாம் நூல் பிரிந்து கிடக்கிறது. அவிழ்த்துவிட்டுப் புதுசாக ஒன்று கட்டித் தரட்டுமா என்று என் வீட்டுக்காரர் தினமும் கேட்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.